டயர் உரசி வளைந்த ஃபெண்டர்: தட்டி எடுக்கலாமா, புதிதாக மாட்டலாமா?

மண்டைக்காடு கொடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நடந்தது இது. காரில் ஐந்து பேர், டிக்கியில் இரண்டு குலை மட்டிப்பழம். தென்னந்தோப்பில் நிறுத்தியிருந்த வண்டியை, ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்தேன். இடது முன்சக்கரம் ஒரு தென்னை வேரில் ஏறி இறங்கியது. 'டப்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் இடது முன் ஃபெண்டர், அதாவது சக்கரத்தை மூடி நிற்கும் வெளித்தகடு, பம்பரோடு சேரும் இடத்தில், மூன்று விரல் அகலத்துக்கு வெளியே விரிந்து காது மாதிரி நிற்கிறது. வேறு வண்டியில் இடிக்கவில்லை, மரத்தில் முட்டவில்லை. என் டயரே என் ஃபெண்டரைக் கவ்வி இழுத்துவிட்டது.

அடுத்த இரண்டு வாரம் தக்கலை, நாகர்கோவில், மார்த்தாண்டம் என்று ஐந்து பட்டறைகளில் ஏறி இறங்கினேன். ஒருவர் அரை நாளில் தட்டித் தருகிறேன் என்றார். இன்னொருவர் புது ஃபெண்டர்தான் என்றார். மூன்றாமவர், இன்சூரன்ஸில் போட்டுவிடலாம், உங்களுக்கு எதற்குச் செலவு என்றார். நான்காமவர் ஃபெண்டர் விளிம்பின் மடிப்பையே கிரைண்டரால் அறுத்துவிட்டால் இனி உரசவே உரசாது என்றார். ஐந்தாமவர் மட்டும் ஃபெண்டரைப் பார்க்கவே இல்லை, குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். அவர் சொன்னதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வழிகளை ஒப்பிட, நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கார் வைத்திருப்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவின் விளிம்பில் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். தகடு உள்பக்கமாக ஒரு விரல் அகலத்துக்கு மடிந்திருக்கும். வெளித்தகட்டின் கனம் முக்கால் மில்லிமீட்டர் அளவுதான். இந்த மடிப்புதான் அதற்கு விறைப்பைத் தருகிறது. அதே மடிப்பு, வெளியே தெரியாத ஒரு சின்னத் திண்ணையும் கூட. சக்கரம் வாரியடிக்கும் சேறும் மணலும் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் தினமும் போகிறவர்கள் அங்கே கையை விட்டால் கருமணல் ஒட்டிக்கொண்டு வரும். உப்பு ஏறிய ஈர மணல் பெயிண்ட் வெடித்த தகட்டின்மேல் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று கடலோர வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கி விட்டுவிட்டுப் பெய்யும். அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. அந்தத் திண்ணை முழுதாகக் காய்வது கோடை மாதங்களில்தான்.

ஆகவே எந்தப் பட்டறைக்குப் போனாலும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வேலை முடிந்தபிறகு அந்த உள்மடிப்பு எப்படி இருக்கும்? வெளியே பளபளப்பாக வருவது பெரிய காரியமில்லை. அதைப் பெரும்பாலும் எல்லோருமே செய்துவிடுவார்கள்.

ஃபெண்டருக்கு முன்னால் சக்கரம்

ஐந்தாமவர் தக்கலை பக்கத்தில் சின்னதாக டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் வயதானவர். அவர் சொன்னது இது: "மக்கா, இதைத் தட்டித் தாறது பெரிய வேலை இல்ல. ஆனா டயர் எதுக்குக் கடிச்சுதுன்னு பாக்காம தட்டுனா அடுத்த மாசமும் வருவ, கேட்டியா. அப்போ என்னைக் குறை சொல்லப்பிடாது."

என் கார் 14 அங்குல இரும்பு ரிம்மில் 165/80 டயரோடு வந்த ஸ்விஃப்ட். போன வருடம் தம்பி ஆசைப்பட்டான் என்று 15 அங்குல அலாய் வாங்கி, 195/65 டயர் மாட்டியிருந்தோம். ஆகவே டயர்தான் குற்றவாளி என்று நானும் முடிவு கட்டியிருந்தேன். அவர் அளவுநாடாவை எடுத்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்தார். இடது பக்கம் வலதை விடக் கிட்டத்தட்ட 2 செ.மீ. குறைவு. ஃபெண்டர் வளைந்த இடத்தில் அளக்கவில்லை, நேர் மேலே, வளையாத இடத்தில். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினால், இடது காயில் ஸ்பிரிங்கின் அடிச்சுற்று துருவேறி உடைந்து கிடக்கிறது. வண்டி அந்தப் பக்கம் தாழ்ந்துபோனது எனக்குத் தெரியவே இல்லை. காயிலின் அடிச்சுற்று உட்காரும் தட்டில் தண்ணீரும் மணலும் தேங்கும். பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு பிடித்து, ஒரு நாள் குழியில் இறங்கும்போது உடையும். கடலோரத்து வண்டிகளில் இதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைகளை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். சமதளத்தில் நிறுத்தி நான்கு சக்கரத்திலும் அந்த உயரத்தை அளந்து எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் ஸ்பிரிங், அதைத் தாங்கும் ஸ்ட்ரட், அல்லது பழைய விபத்தில் வளைந்த லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் இரும்புக் கை). சக்கரம் ஆர்ச்சின், அதாவது மேலே உள்ள அந்த வளைவின், நடுவில் நிற்காமல் முன்னாலோ பின்னாலோ நகர்ந்திருந்தால் ஆர்மையும் அதன் ரப்பர் புஷ்ஷையும் சந்தேகப்படலாம். பிறகு டயரின் தோள்பகுதியில் சுற்றிலும் சாக்பீஸ் பூசி, ஆள் ஏற்றி, ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள்; ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்தும் பாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடம் உரசுகிற இடம். ஒடிக்கும்போது மட்டும் உரசினால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனர். அதன் கிளிப் இரண்டு போய்த் தொங்கினாலே டயர் அதைப் பிடிக்கும். கிளிப் மாற்றுவது மிகச் சின்னச் செலவு. ஆள் ஏற்றிக் குழியில் இறங்கும்போது மட்டும் உரசினால் பிரச்சினை உயரத்திலோ அகலத்திலோ இருக்கிறது.

அகலத்தைப் பற்றி ஒரு கணக்கு, ஏனென்றால் டயர்க் கடையில் இதை யாரும் நமக்குப் போட்டுக் காட்டுவதில்லை. 165/80 ஆர்14 டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. அதே ஸ்விஃப்டின் உயர்ந்த மாடலில் வரும் 185/65 ஆர்15 சுமார் 621. இரண்டும் ஒன்றுதான், கம்பெனி அப்படிப் பார்த்துத்தான் போடுகிறது. நான் மாட்டிய 195/65 ஆர்15 சுமார் 634. ஆக டயர் மேலே 7 மி.மீ. ஏறிவிட்டது. அதைவிட மோசம் ரிம். ரிம்மில் இ.டி. என்று ஓர் எண் பொறித்திருப்பார்கள், ஆஃப்செட் என்று சொல்வது அதைத்தான். அந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். 6ஜே (6 அங்குல) அகலம், இ.டி. 45 உள்ள ரிம்மை எடுத்துவிட்டு 7ஜே, இ.டி. 35 மாட்டினால், அகலத்தால் 12.7 மி.மீ., ஆஃப்செட்டால் 10 மி.மீ., மொத்தம் 22.7 மி.மீ. வெளிவிளிம்பு நகர்ந்துவிடும். ஒரு விரல் அகலத்துக்கு மேல். உள்மடிப்பு நிற்பதும் அந்த இடத்தில்தான்.

என் வண்டியில் இரண்டு காரணமும் சேர்ந்துவிட்டன. அகல ரிம்மும் பெரிய டயரும் வலது பக்கத்தில் லைனரை லேசாகத் தடவிக்கொண்டிருந்தன, நான் கவனிக்கவில்லை. இடது பக்கம் காயில் உடைந்து தாழ்ந்ததும் மடிப்பைக் கவ்விவிட்டது. காயில் மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் உயரம் மறுபடியும் பொருந்தாது. இரண்டு காயில், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 5,200 ரூபாய் ஆனது. அதோடு வீல் அலைன்மெண்ட்.

தட்டி எடுப்பது

இனி ஃபெண்டர். மிக மலிவான வழி, அதே நாளில் கையாலோ குறடாலோ மடக்கி உள்ளே தள்ளுவது. வீடு வந்து சேர அவசரத்துக்கு அதைச் செய்யத்தான் வேண்டும். நானும் அன்று துணியைச் சுற்றிக் கையால் அழுத்தி, டயரில் படாத அளவுக்குக் கொண்டுவந்துதான் ஓட்டினேன். ஆனால் வளைந்த தகடு நிமிரும்போது அந்த மடிப்புக்கோட்டில் பெயிண்ட் வெடிக்கும். அங்கே ஒரு பிரைமரும் தொடாமல் மாதக்கணக்கில் ஓட்டினால், பிறகு எந்த வழியைத் தேர்ந்தாலும் துருவோடுதான் தொடங்க வேண்டியிருக்கும்.

டிங்கரிங் என்பது வேறு, அது உண்மையான கைவேலை. உள்ளே டாலி என்ற இரும்புக் கட்டியை முட்டுக்கொடுத்துப் பிடித்து வெளியே சுத்தியலால் மெல்லத் தட்டி, இழுபட்ட தகட்டைச் சுருக்கி, பழைய வளைவுக்குக் கொண்டுவருவார்கள். நல்ல டிங்கர் தட்டிய ஃபெண்டரில் பட்டி, அதாவது குழியை நிரப்பும் பசை, மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். அவசர வேலையில் சுத்தியல் வேலையைக் குறைத்து, பட்டியை அப்பித் தேய்த்து வடிவம் கொண்டுவந்துவிடுவார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி ஏறிவிட்டால், நம் சாலை அதிர்வில் விளிம்புப் பக்கம் விரிசல் விடும். அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், பட்டிக்கு அடியிலேயே துரு ஓடும். வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு அரித்திருக்கும். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி ஃபெண்டரின்மேல் நகர்த்திப் பார்த்தால் பட்டி எங்கே கனமாக இருக்கிறது என்று பிடிமானத்திலேயே தெரிந்துவிடும். பழைய கார் வாங்கும்போதும் இது உதவும்.

கேஸ் வைத்துச் சூடேற்றித் தட்டுவதாகச் சொன்னால் யோசியுங்கள். மெல்லிய தகடு நெளியும். அதோடு உள்பக்கத்தில் கம்பெனி கொடுத்த பூச்சு, துத்தநாகம் பூசியிருந்தால் அதுவும், எரிந்துபோகும். வெளியே பெயிண்ட் அடிப்பார்கள், உள்ளே யார் அடிப்பது? நான் கேட்டபோது ஒரு பட்டறையில், உள்ளே என்ன தெரியப்போகிறது என்று சொன்னார்கள். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். டிங்கரிங்குக்கு நான் கேட்ட இடங்களில் பெயிண்டோடு சேர்த்து 3,500 முதல் 4,500 வரை சொன்னார்கள்.

எந்த வண்டிக்கு டிங்கரிங் சரி? பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டி, வளைவு ஓரமாகவும் சின்னதாகவும் இருக்கிறது, குலசேகரம், திருவட்டாறு மாதிரி உள்பகுதியில் ஓடுகிறது என்றால் தாராளமாகத் தட்டலாம். உள்மடிப்பில் துரு தடுக்கும் பிரைமரும், அதன்மேல் கல்லடி தாங்கும் அண்டர்கோட்டிங்கும் அடித்துத் தருவதாக டிங்கர் ஒப்புக்கொண்டால் கடலோர வண்டிக்கும் தட்டலாம். ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, அதை அடிக்கும்போது பக்கத்தில் இருங்கள்.

பெயிண்ட் கெடாமல் டென்ட் எடுக்கும் முறையைச் சிலர் கேட்பார்கள். கதவின் நடுவில் விழுந்த மொழுமொழுப்பான குழிக்கு அது நல்ல முறை. விளிம்பு மடிந்து பெயிண்ட் வெடித்த இடத்தில் அதற்கு வேலை இல்லை.

புது ஃபெண்டர்

பலருக்குத் தெரியாத விஷயம், முன் ஃபெண்டர் வண்டியின் உடம்போடு வெல்டிங் செய்யப்பட்டதில்லை. போல்ட்டில்தான் நிற்கிறது. பானெட்டைத் திறந்தால் மேல் ஓரத்தில் வரிசையாகச் சில போல்ட், கதவைத் திறந்தால் கீல் பக்கம் ஒன்று, கீழே படிக்கட்டுப் பக்கம் ஒன்று, பம்பரோடு சேரும் இடத்தில் ஒன்று. பம்பரையும் லைனரையும் கழற்றிவிட்டால் பத்தாம் நம்பர் ஸ்பானரிலேயே முக்கால்வாசி வேலை முடியும். ஒரு மெக்கானிக்குக்கு ஒரு காலைப்பொழுது வேலை.

அதனால்தான் நல்ல வயதில் இருக்கும் வண்டிக்கு, வளைவு பெரிதாக இருந்தால், நான் புதிதையே சொல்வேன். கம்பெனி ஃபெண்டர் உள்ளும் புறமும் முழுக்க மின்பூச்சுப் பிரைமரோடு வருகிறது. முழுத் தகட்டையும் தொட்டியில் முக்கி ஏற்றும் பூச்சு அது. மடிப்பின் இடுக்கிலும் ஏறியிருக்கும். எந்தப் பட்டறையிலும் ஸ்பிரே துப்பாக்கியால் அந்த இடுக்கை அப்படி நிரப்ப முடியாது. ஒரு டிங்கர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் திருப்பித் தர முடியாத ஒன்று இது. பெயிண்டரிடம் ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள்: அந்தக் கறுப்புப் பூச்சை இரும்பு தெரியும்வரை தேய்க்கக்கூடாது, மேலாகச் சொரசொரப்பாக்கினால் போதும். உள்பக்கத்துக்கும் ஒரு கோட் பெயிண்ட், மாட்டுவதற்கு முன்பே. மாட்டிய பிறகு அங்கே துப்பாக்கி போகாது.

வெளிக்கம்பெனி ஃபெண்டர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தகடு மெலிது, பூச்சு நகத்தால் கீறினாலே வெள்ளையாக வருகிறது, போல்ட் துளை இரண்டு இடத்தில் பொருந்தவில்லை. எல்லாமே அப்படித்தான் என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்குவதானால் பெயிண்ட் அடிக்கும் முன்பே வண்டியில் ஒருமுறை மாட்டி, கதவுக்கும் பானெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். பெயிண்ட் அடித்தபிறகு கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார்.

உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழைய ஒரிஜினல் ஃபெண்டர் இன்னொரு வழி. அதே நிறத்தில் கிடைத்தால் பெயிண்ட் செலவே மிச்சம். சென்னை புதுப்பேட்டையில் இதற்கென்றே கடைகள் உண்டு. களியக்காவிளை பக்கம் இருப்பவர்கள் நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் வரை போய்த் தேடுவார்கள். போட்டோ பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். உள்மடிப்பைக் கையால் தடவாமல் பழைய ஃபெண்டர் வாங்கக்கூடாது என்பது என் கருத்து. ஒரு முறை தட்டிப் பட்டி பார்த்த ஃபெண்டரையே விலை கொடுத்து வாங்கி வந்தால் எல்லாம் வீண்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறக்குறியீடு வண்டியிலேயே ஒரு தகட்டில் இருக்கும், ஆனால் ஆறு வருடம் வெயிலில் நின்ற கார் அந்தக் குறியீட்டின் நிறத்தில் இப்போது இருக்காது. சாதா வெள்ளை, சிவப்பு என்றால் சமாளிக்கலாம். சில்வர், கிரே, பேர்ல் ஒயிட் என்றால் ஃபெண்டரோடு நிறுத்தாமல் கதவின் முன்பாதி வரை மெல்லக் கரைத்து அடித்தால்தான் வித்தியாசம் தெரியாது. இதை டிங்கரிங்குக்கும் புது ஃபெண்டருக்கும் சமமாகவே கணக்கில் சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் திறந்த கொட்டகையில் பெயிண்ட் அடிக்கக் கொடுக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் பெயிண்ட் பூத்துப்போய் மங்கும், சில மாதத்தில் ஒட்டாமல் உரியவும் தொடங்கும். ஜூன், ஜூலையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வேலை வந்தால் பூத் (மூடிய பெயிண்ட் அறை) இருக்கும் இடமாகப் பாருங்கள், அல்லது மடிப்புக்குப் பிரைமர் மட்டும் அடித்துக்கொண்டு மழை ஓயும்வரை பொறுங்கள்.

இன்சூரன்ஸ் கணக்கு

"இன்சூரன்ஸில் போட்டால் சும்மா" என்பது நான் ஐந்து இடத்தில் நான்கில் கேட்ட வார்த்தை. பேப்பரில் எழுதிப் பார்த்தேன். சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகை: ஃபெண்டர் 2,400, பெயிண்ட் 4,000, கழற்றி மாட்டக் கூலி 800; மொத்தம் 7,200. என் வண்டிக்கு ஆறாவது வருடம் ஓடுகிறது. சாதாரண முழு பாலிசியில், ஐந்து வயது தாண்டிய வண்டியின் இரும்புப் பாகத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ஆக 2,400-க்கு 1,440தான். பெயிண்ட் பில்லில் 25 சதவீதத்தைப் பொருள் விலையாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 4,000-க்கு 3,500. கூலி 800 முழுதாக வரும். கூட்டினால் 5,740. அதில் 1,500 சி.சி. வரை உள்ள காருக்குக் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய 1,000 போக, கைக்கு வருவது 4,740.

இழப்பது என்ன? கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கான போனஸ், அதாவது பிரீமியத் தள்ளுபடி, 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படியேறும். முதல் வருடமே ஒரு சின்ன கிளெய்ம் போட்டிருந்ததால் நான் இப்போது 45-இல் இருக்கிறேன், அடுத்த புதுப்பிப்பில் 50. கிளெய்ம் போட்டால் மறுபடியும் பூஜ்ஜியம். சொந்த வாகனச் சேதத்துக்கான பிரீமியம் 7,000 என்று வைத்தால், முதல் வருடம் 3,500, அடுத்து 2,100, அதற்கடுத்து 1,750, பிறகு 1,050, பிறகு 350. மறுபடியும் 50 சதவீதத்தைத் தொடும்வரை 8,750 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பேன். வண்டியின் மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் குறையும், ஆகவே நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் குறைவாக வரலாம். அப்படியும் 4,740-க்காகப் போகத் தகுந்த கணக்கு இல்லை. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத பாலிசி) சேர்த்த புது வண்டி, போனஸே இன்னும் ஏறவில்லை, கதவும் சேர்ந்து சேதம் என்றால் கணக்கு மாறும்.

பணக்கணக்கு ஒரு பக்கம். பாலிசி விபத்துக்குத்தான், நாள்பட உரசித் தேய்வதற்கு இல்லை. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து மடிப்பின் அடியில் மாதக்கணக்கில் டயர் தேய்த்து மின்னும் தடத்தையும், கம்பெனி கொடுக்காத அகல ரிம்மையும் பார்த்தால் கேள்வி கேட்பார். கேட்பது நியாயம்தான். சுவரில் இடித்ததாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. நான் அதற்கு உடன்படவில்லை, நீங்களும் உடன்படாதீர்கள். பொய்யான கிளெய்மில் கையெழுத்துப் போடுகிறவர் நாம்தான், யோசனை சொன்னவர் இல்லை.

ரிம்மைப் பற்றி இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. களியக்காவிளை தாண்டித் தினமும் போய்வருகிறவர்களுக்கு, உடம்புக்கு வெளியே துருத்தும் டயர் வேண்டாத தலைவலி. அந்த அலாய்க்காக மடிப்பை அறுப்பது என்பது செருப்புக்காகக் காலைச் செதுக்குகிற வேலை. மடிப்பு போனால் விறைப்பு போகும், அறுத்த முனையில் பச்சை இரும்பு தெரியும்.

பின்பக்கம் என்றால்

இதே உரசல் பின்சக்கரத்தில் வந்தால் மேலே சொன்னதெல்லாம் தலைகீழாகும். பின்பக்கத் தகடு, குவார்ட்டர் பேனல், போல்ட்டில் நிற்பதில்லை. கூரைவரை ஒரே தகடாக ஓடி, உடம்போடு வெல்டிங்கில் சேர்ந்திருக்கிறது. மாற்றுவது என்றால் அறுத்து எடுத்துப் புதிதை வெல்டிங் செய்ய வேண்டும். அந்த விளிம்பு மடிப்பிலேயே வெளித்தகடும் உள்தகடும் புள்ளி வெல்டிங்கில் ஒட்டியிருக்கும். அதை அறுத்தால் இரண்டு தகட்டுக்கும் இடையே வாய் திறந்து, தண்ணீர் நேரே உள்ளறைக்குப் போகும்.

என் அத்தானின் காரில் பின்பக்கம்தான் உரசியது. பூதப்பாண்டியிலிருந்து ஆள் ஏற்றி வரும்போதெல்லாம் வேகத்தடையில் 'சர்' என்று சத்தம் வரும். மடிப்பு லேசாக வெளியே விரிந்திருந்தது, பெயிண்ட் வெடிக்கவில்லை. அந்த நிலையில் தட்டுவதும் கூடாது, மாற்றுவதும் கூடாது. மடிப்பை உருட்டி மடக்குவதுதான் வழி. சக்கர மையத்தில் போல்ட் போட்டு மாட்டும் ஒரு கருவி இருக்கிறது, நுனியில் உருளை. ஹீட் கன்னால் பெயிண்டை, கை தாங்கும் சூட்டுக்குச் சற்று மேலே, இளக்கிக்கொண்டு, உருளையை முன்னும் பின்னும் மெல்ல ஓட்டி, மடிப்பை மேல்நோக்கிப் படிய வைப்பார்கள். சூடேற்றாமல் அவசரமாக உருட்டினால் பெயிண்ட் நூல்நூலாக வெடிக்கும். உருட்டியபின் மடிப்புக்கு இடையில் சீலரும் மெழுகும் விட வேண்டும், இல்லையென்றால் அந்த இடுக்கில் நீர் நிற்கும். நாகர்கோவிலில் கேட்டு விசாரித்து, கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் செய்தோம். கிரிக்கெட் மட்டையை டயருக்கும் மடிப்புக்கும் இடையில் சொருகி வண்டியை உருட்டுகிறவர்களும் உண்டு. கோடு கோணலாகப் போனால் பிறகு நேராக்க முடியாது என்பதால் நான் அதை ஏற்கவில்லை. அத்தானிடம் பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொன்னேன், ஒன்றில் எண்ணெய் கசிந்திருந்தது.

என் வண்டிக்குத் திரும்பி வருகிறேன். அலாயை விற்றுவிட்டேன், தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பழைய இரும்பு ரிம்மும் 165/80 டயரும் மறுபடி ஏறின. 185/65 ஆர்15 கம்பெனி அலாய் மாட்டியிருந்தாலும் உரசாது, அதை அவனிடம் சொல்லியிருக்கிறேன், அடுத்த டயர் மாற்றும்போது பார்க்கலாம். ஃபெண்டர் கம்பெனி பொருள், 2,400. சர்வீஸ் சென்டரில் கொடுக்காமல், பூத் வைத்திருக்கும் வெளிப்பட்டறையில் பெயிண்டுக்கும் மாட்டுக்கூலிக்கும் 3,500 கொடுத்தேன். தட்டி எடுப்பதைவிட ஏறக்குறைய இரண்டாயிரம் கூடுதல். மாட்டுவதற்கு முன் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, மடிப்பில் நானே பிரஷ்ஷால் அண்டர்கோட்டிங் பூசினேன். தக்கலை டிங்கர் அண்ணனுக்கு இந்த வேலை போகவில்லை, ஆனால் காயிலைக் கண்டுபிடித்தவர் அவர் என்பதால் சஸ்பென்ஷன் வேலை முழுதும் அவர் சொன்ன மெக்கானிக்கிடம்தான் செய்தேன். பழைய ஃபெண்டரை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அவரிடம் வேலை பழகும் பையனுக்குத் தட்டிப் பழக ஒன்று வேண்டுமாம்.

மூன்று வாரம் கழித்து ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, டயரில் சாக்பீஸ் பூசி, வில்லுக்குறி வழியாக நாகர்கோவில் வரை போய்த் திரும்பினேன். வீட்டு முற்றத்தில் இறங்கிப் பார்த்தபோது நான்கு டயரின் தோளிலும் வெள்ளை அப்படியே இருந்தது. இப்போது வாரம் ஒருமுறை வண்டி கழுவும்போது ஹோஸை முதலில் நான்கு ஆர்ச்சுக்குள்ளும் விட்டு, மடிப்பின் மேல் விரலை ஓட்டி மணலைத் தள்ளிவிட்டுத்தான் பானெட்டுக்கே போகிறேன்.